பீரோ மேல் கிடக்கும் 38 வீடுகள்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் யாருக்கும் அந்தத் தாளை நான் விளக்க வேண்டியதில்லை. 'மாணவர் நலக் கணக்கெடுப்பு' என்று தலைப்பிட்டு, பெயரும் வகுப்பும் பிரிவும் வரிசை எண்ணும் எழுதக் கோடு போட்டு, அதற்குக் கீழே நம் வீட்டு அடுக்களையிலிருந்து படுக்கையறை வரை ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்கும் அந்தத் தாள் ஏதோ ஒரு வடிவில் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு அது வரவே இல்லை. என் முதல் கோபம் அதுதான். அது நேராக என் மகளின் மேசைக்குப் போய்விட்டது.

"எம்மா, நம்ம என்ன சாதி? நாளைக்கு லீடர்ட்ட சொல்லணுமாம்" என்று, சென்ற வாரம் புதன்கிழமை மாலை புத்தகப் பையைக்கூட இறக்காமல் அவள் கேட்டாள். கையிலிருந்த காப்பித் தம்ளரை வைத்துவிட்டு, யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள், எந்த வகுப்பில் கேட்டார்கள் என்று அவளை உட்கார வைத்துக் கேட்கக் கேட்க, அன்று அந்த 7ஆம் வகுப்பில் நடந்தது முழுவதும் துண்டு துண்டாக வெளியே வந்தது.

அன்று கணக்கு ஆசிரியர் விடுப்பு. மூன்றாம் பிரிவேளையில் வேறொரு ஆசிரியை ஒரு கட்டுத் தாளோடு வந்து, 38 பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, மணி அடிப்பதற்குள் 42 கேள்விகளுக்கும் பதில் எழுதச் சொல்லியிருக்கிறார். எதற்காக எழுதுகிறோம், யார் படிப்பார்கள், விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாமா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பெஞ்சில் மூன்று பேர் நெருங்கி உட்கார்ந்திருக்கும் வகுப்பு அது. தேர்வு நாளில் பார்த்து எழுதிவிடுவார்கள் என்று ஒருவர் விட்டு ஒருவரை உட்கார வைக்கிறார்கள். வீட்டு ரகசியத்தை எழுதச் சொன்ன நாளில் அந்த இடைவெளியைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

காலையில் சாப்பிட்டாயா, எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்ற முதல் பத்துக் கேள்விகளில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 11ஆம் கேள்வி, சொந்த வீடா வாடகை வீடா. 14ஆம் கேள்வி, உன் அப்பா மது அருந்துவாரா; தினமும், வாரம் ஒருமுறை, விழா நாட்களில், இல்லை என்று நான்கு கட்டங்கள். 17ஆம் கேள்வி, உன் பெற்றோர் சண்டையிடுவார்களா. 18ஆம் கேள்வி, ஆம் எனில் எதற்காக: பணம், குடி, உறவினர், பிற. 23ஆம் கேள்வி, சாதி. 27ஆம் கேள்வி, பெண் பிள்ளைகள் மட்டும்: மாதவிடாய் தொடங்கிவிட்டதா. இது ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் வகுப்பு. அந்தக் கேள்விக்கு என் மகள் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாளாம். மறைத்து எழுதிய தாளைக் கடைசியில் வரிசை வரிசையாகச் சென்று வாங்கியது வகுப்பு லீடரான ஒரு பையன்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கும் 12 வயதுதான். வாங்கிய தாளில் கண்ணில் பட்டதை அந்த வயதுப் பிள்ளை படிக்காமல் இருக்குமா? என் மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண் எல்லாக் கேள்விக்கும் உண்மையை எழுதியிருக்கிறாள். "ஏல, இவ வீட்ல தெனமும் சண்டையாம்ல" என்று அவன் உரக்கப் படித்தான். பின் பெஞ்சு சிரித்தது. ஆசிரியை "உஷ்" என்று அதட்டிவிட்டு அடுத்த வரிசையை எடுக்கச் சொன்னார். அந்த "உஷ்" ஒன்றுதான் ஒரு குடும்பத்தின் மானத்துக்கு அந்த வகுப்பறையில் கிடைத்த பாதுகாப்பு. அந்தப் பெண் வியாழனும் வெள்ளியும் பள்ளிக்கு வரவில்லை.

சாதி தெரியாத பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்திருக்கிறார்கள். வீட்டில் கேட்டு வந்து மறுநாள் லீடரிடம் சொன்னால் அவன் நிரப்பித் தருவான் என்று ஏற்பாடு. அதாவது, ஒரு சிறுவன் கையில் பேனாவைக் கொடுத்து, உடன் படிப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் நீ என்ன சாதி என்று கேட்டு எழுதும் வேலையைப் பள்ளியே ஒப்படைத்திருக்கிறது. எங்களுடையது சாதி மறுப்புத் திருமணம். சேர்க்கைப் படிவத்தில் சாதி, மதம் இரண்டையும் வெற்றிடமாக விட்டோம். அப்படி விடலாம் என்று தமிழக அரசு 1973ஆம் ஆண்டே அரசாணை பிறப்பித்திருக்கிறது. அதைக் காட்டி அலுவலகத்தில் ஒரு முற்பகல் முழுவதும் நின்று பெற்ற வெற்றிடம் அது. அதே பள்ளி, அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டு வா என்று என் மகளிடம், எனக்குத் தெரியாமல், சொல்லி அனுப்புகிறது.

நான் இருப்பது பாளையங்கோட்டையில். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில், 12ஆம் வகுப்பு மாணவனை அவனோடு படித்த பையன்களே சாதி வெறியோடு வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது என்றும், உதவித்தொகைச் செய்தியைக்கூட மற்ற பிள்ளைகள் முன் சொல்லாமல் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பற்றி ஒரு குழு உட்கார்ந்து பேச வேண்டிய மாவட்டத்தில், சாதிப் பட்டியலை லீடர் கையில் எழுத வைக்கிறார்கள். இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் சாதி விவரம் தேவை என்பது எனக்கும் தெரியும், அதை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அதற்கு வட்டாட்சியர் அலுவலகம் தரும் சான்றிதழ் இருக்கிறது. அதைப் பெற்றோர் பள்ளி அலுவலகத்தில் கொடுப்பார்கள். பிள்ளையின் வாயிலிருந்து அது வர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

மறுநாளே பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினேன். முதல்வர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். அதற்கடுத்த நாள் அவர் வெளியூர், திங்கட்கிழமை ஆய்வு, செவ்வாய்க்கிழமை மதியம் வாருங்கள், வந்தபின் வெள்ளிக்கிழமை வாருங்கள். இப்படி அலைந்து நேற்றுதான் அவரைப் பார்த்தேன். "பிள்ளைங்க நன்மைக்குத்தானே மேடம், ஒரு தொண்டு நிறுவனம் கேட்டாங்க, செஞ்சு கொடுத்தோம்" என்றார். எந்த நிறுவனம் என்றேன். கோப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். பெற்றோரிடம் ஏன் ஒப்புதல் கேட்கவில்லை என்றேன். சேர்க்கையின்போது பள்ளி விதிகளுக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார். "வேற எந்தப் பேரண்ட்ஸும் கேக்கலையே" என்று முடித்தார். அந்த வாக்கியம்தான் என்னை நாற்காலியிலிருந்து எழ வைத்தது. மற்றவர்கள் கேட்கவில்லை என்றால், அவர்களுக்குத் தெரியாது என்று பொருள். தெரிவிக்காமல் இருந்துவிட்டு, தெரியாதவர்களின் மௌனத்தை எனக்கு எதிரான சாட்சியாக வைக்கிறார்.

பேச்சின் நடுவே நிரப்பப்படாத படிவம் ஒன்றை என்னிடம் கொடுத்தார். மகள் சொல்லாமல் விட்ட கேள்விகளை அப்போதுதான் படித்தேன். 36ஆம் கேள்வி: உனக்குப் பிடிக்காத வகையில் யாராவது உன்னைத் தொட்டிருக்கிறார்களா? ஆம், இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2007இல் ஒன்றிய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 சிறாரிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வில், பாலியல் அத்துமீறலின் ஏதோ ஒரு வடிவத்தையாவது எதிர்கொண்டதாக 53.22 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஆகவே கேட்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளை 'ஆம்' என்று எழுதினால் என்ன செய்வது என்று தெரிந்தவர்தான் கேட்க வேண்டும். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அத்தகைய குற்றம் நடந்திருப்பதாக அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே தீர வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. அப்படியானால் அந்த 38 தாள்களையும் அன்று மாலையே பயிற்சி பெற்ற ஒருவர் படித்திருக்க வேண்டும். "36ஆம் கேள்விக்கு எத்தனை பேர் 'ஆம்' என்று எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டேன். அவர் வகுப்பாசிரியையைப் பார்த்தார். வகுப்பாசிரியை தரையைப் பார்த்தார். 9 நாட்களாக ஒருவரும் படிக்கவில்லை.

படிக்கவே இல்லை! இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. பக்கத்துப் பெஞ்சு பார்க்க, பின் பெஞ்சு சிரிக்க, பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிய பதில்களைப் படிக்கக்கூட ஆள் இல்லை. அவர்களில் ஒரு குழந்தை 'ஆம்' என்று எழுதியிருந்தால், எழுதிவிட்டோம், யாராவது வந்து கேட்பார்கள் என்று 9 நாட்களாக வாசலைப் பார்த்திருக்கும். இனி அது யாரிடம், எந்த நம்பிக்கையில் வாய் திறக்கும்? 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அந்தத் தாளின் அடியில் அச்சிட்டிருந்தால்கூட ஒரு வழியாவது காட்டியதாக இருந்திருக்கும். அதுவும் இல்லை.

முறையாகக் கேட்பது எப்படி என்று யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், சிறாரை வைத்து நடத்தும் ஆய்வுக்குப் பெற்றோரின் ஒப்புதலோடு, 12 வயது முதல் பிள்ளையின் எழுத்து வழிச் சம்மதமும் வேண்டும் என்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் என் தங்கையிடம் புலம்பியபோது, அங்கே 1978இலேயே இதற்குச் சட்டத் திருத்தம் வந்துவிட்டது என்றாள்: அரசியல் சார்பு, மனநலம், பாலியல், மதம், வருமானம், குடும்பத்தினரைப் பற்றிய குறை என இன்று எட்டு வகை விஷயங்களைப் பட்டியலிட்டு, ஒன்றிய கல்வித் துறையின் நிதியில் நடக்கும் கணக்கெடுப்பில் அவற்றைக் கட்டாயமாகக் கேட்க வேண்டுமானால் பெற்றோரின் எழுத்து வழி ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. நம் நாட்டில் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் அதன் விதிகளை அறிவிக்கவே 2025 நவம்பர் ஆனது, அவற்றிலும் கல்விக்கூடங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. சரி, சட்டம் எதுவும் வேண்டாம். சுற்றுலாவுக்கு மகாபலிபுரம் அழைத்துப் போக என்னிடம் கையெழுத்து வாங்கும் பள்ளி, என் கணவர் குடிக்கிறாரா என்று என் மகளிடம் கேட்பதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாமே!

மகளின் தாளைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். கொடுத்தால் எண்ணிக்கை குறையும் என்றார்கள். நான் நகரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஆயாவை ஆசிரியர் ஓய்வறைக்கு அனுப்பினார்கள். நானும் பின்னாலேயே போனேன். பழைய வினாத்தாள்களுக்கும் உடைந்த உலக உருண்டைக்கும் நடுவே, ஒரு பீரோவின் மேல், சணல் கயிறு கட்டி அந்தக் கட்டு கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே நோட்டு எடுக்க இரண்டு மாணவர்கள் உள்ளே வந்து போனார்கள்.

தாளை வாங்கி, பிரிக்காமல் நான்காக மடித்துக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தேன். "நீ படிச்சியாம்மா?" என்றாள். இல்லை என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. "பதினேழாவதுல 'சில நேரம்'னு போட்டுட்டேன்மா, மிஸ் உண்மையை எழுதணும்னாங்க" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். எந்த வீட்டில்தான் சில நேரம் சண்டை வராது? ஆனால் பெற்றவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்ற பயத்தோடு 9 நாட்களாக அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அது எனக்குத் தெரியவில்லை. அவளை அப்படி உட்கார வைத்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்று காலை முதல் வகுப்பின் மற்றப் பெற்றோருக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 11 பேரிடம் பேசிவிட்டேன். ஒருவருக்குக்கூட அந்தத் தாளைப் பற்றித் தெரியவில்லை. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான்கு பேர் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை 37 தாள்கள் அந்தப் பீரோவின் மேல்தான் இருக்கும். அந்த ஓய்வறையின் ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் இல்லை.