பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கு ஓட்டுப் போடுவார்?

அமெரிக்காவில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியிலிருந்து விலகிச் சில மாதங்களே ஆகியிருந்த விவேக் ராமசாமியின் பாட்காஸ்ட் நிகழ்ச்சிக்கு, 2024 மே மாதம், ஆன் கோல்டர் என்ற வலதுசாரி எழுத்தாளர் வந்திருந்தார். ராமசாமியின் கருத்துகள் பலவற்றில் தமக்கு உடன்பாடு உண்டு என்று சொன்ன அவர், ஆனாலும் ராமசாமி ஓர் இந்தியர் என்பதால் அவருக்கு வாக்களித்திருக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ராமசாமி ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுகிற குடும்பத்துப் பிள்ளை. அவருடைய அரசியல் எனக்குச் சிறிதும் உடன்பாடானதல்ல; இருந்தும் அந்த வாக்கியம் என்னைக் காயப்படுத்தியது.

ஆனால் ஒரு கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் உட்கட்சித் தேர்தல்களான பிரைமரிகளில் பூர்வீகம் வேலை செய்வது பெரும்பாலும் இப்படி வெளிப்படையாக அல்ல என்றே நினைக்கிறேன். வாக்காளருடைய சொந்த வெறுப்பைக் காட்டிலும், "எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் ஊரில் மற்றவர்கள் இவரை ஏற்க மாட்டார்கள்" என்று அவர் போடும் கணக்குத்தான் அதிகச் சேதம் விளைவிக்கிறது. நவம்பர் மாதப் பொதுத் தேர்தலில் கட்சிப் பற்று இந்தக் கணக்கைப் பெருமளவு மூடிவிடும். பிரைமரியிலோ எல்லாரும் ஒரே கட்சிக்காரர்கள், கொள்கைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே நவம்பரில் ஜெயிக்கக்கூடிய ஆள் யார் என்ற கேள்வியே பெரிதாக நிற்கிறது, அந்தக் கேள்விக்குள்தான் நிறமும் பெயரும் வழிபாடும் நுழைந்துகொள்கின்றன.

2008 ஜனவரி 3 அன்று அயோவாவில் நடந்ததை இதற்காகவே உற்றுப் பார்க்க வேண்டும். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சியினர் நேரில் கூடும் காக்கஸ் என்ற கூட்டத்தில் அன்று ரகசிய வாக்குச்சீட்டு கிடையாது. குளிர்கால இரவில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலோ தேவாலய மண்டபத்திலோ கூடி, தாம் ஆதரிக்கும் வேட்பாளருக்கென ஒதுக்கிய மூலையில் போய் நிற்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் பேர் சேராத மூலை கலைக்கப்படும், அங்கே நின்றவர்களை "இங்கே வாருங்கள்" என்று தெரிந்தவர்களே மற்ற மூலைகளிலிருந்து அழைப்பார்கள். மக்கள்தொகையில் 90 சதவீதத்துக்கும் மேல் வெள்ளையர் வாழும் மாநிலத்தில், பிள்ளைகளின் ஆசிரியரும் பக்கத்துப் பண்ணைக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, மக்கள் பராக் ஒபாமாவின் மூலைக்கு நடந்து போனார்கள். அவர் சுமார் 38 சதவீதம் பெற்று முதலிடம் பிடித்தார். ஜான் எட்வர்ட்ஸும் ஹிலாரி கிளின்டனும் 30 சதவீதத்தை ஒட்டி நின்றார்கள்.

அந்த இரவுக்கு முன்பு கறுப்பின வாக்காளர்களின் ஆதரவே இரண்டாகப் பிரிந்துதான் கிடந்தது. சிவில் உரிமைப் போராட்டத்தின் மூத்த தலைவர் ஜான் லூயிஸ்கூட அப்போது கிளின்டன் பக்கம் நின்றார். மூன்று வாரம் கழித்து, ஜனவரி 26 அன்று, தென் கரோலினாவில் ஒபாமா 55 சதவீத வாக்குகளுடன் வென்றபோது, கறுப்பினத்தவரில் ஏறத்தாழ 10 பேரில் 8 பேர் அவருக்கு வாக்களித்திருந்தார்கள். பிப்ரவரி இறுதியில் லூயிஸும் அணி மாறினார். நம் இனத்தவர் என்பதற்காக மட்டுமே அவர்கள் வாக்களித்தார்கள் என்றால், டிசம்பரிலும் அவர் அதே இனத்தவர்தானே? வெள்ளையர் இவருக்கு வாக்களிப்பார்கள் என்பதை அயோவா கண்முன் காட்டியது. அதுவரை நெஞ்சில் பூட்டி வைத்திருந்த பெருமிதத்தை அதன் பிறகுதான் வாக்காக மாற்றத் துணிந்தார்கள்.

நேரடி வெறுப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதே ஆண்டு மே மாதம் மேற்கு வர்ஜீனியா பிரைமரியில் கிளின்டன் 67 சதவீதம் பெற்றபோது, வாக்களித்த வெள்ளையரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர், இனம் தம் முடிவில் முக்கியக் காரணியாக இருந்தது என்று வாக்குச்சாவடி வாசல் கருத்துக்கணிப்பில் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டவர்களே இத்தனை பேர் என்பதை யோசித்துப் பாருங்கள். மறுபுறம், சொந்த இனத்தார் கைகொடுப்பதும் உண்டு, ஆனால் அதன் எல்லை குறுகியது: 2016 குடியரசுக் கட்சிப் பிரைமரியில் தம் சொந்த மாநிலமான ஃபுளோரிடாவில் டிரம்ப்பிடம் தோற்ற, கியூபப் பூர்வீகம் கொண்ட மார்கோ ரூபியோ, அங்குள்ள 67 கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பிரிவுகளில்) ஒன்றே ஒன்றைத்தான் வென்றார். அது கியூபப் பூர்வீகத்தவர் நிறைந்த மயாமி-டேட்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2020 பிரைமரிகள்தான். கமலா ஹாரிஸ் 2019 டிசம்பர் 3 அன்றும் இன்னொரு கறுப்பின வேட்பாளரான கோரி புக்கர் அடுத்த மாதமும், ஒரு வாக்குகூடப் பதிவாவதற்கு முன்பே விலகினார்கள். ஹாரிஸ் பணப் பற்றாக்குறையைக் காரணம் சொன்னார். அவருடைய பிரச்சாரத்தில் தெளிவு இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் வாக்காளர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவராக இருந்த தென் கரோலினாவில், அவர் களத்தில் இருந்த காலம் முழுவதும் அந்த ஆதரவின் பெரும்பகுதி ஜோ பைடனிடமே இருந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று அவர்களில் 10 பேரில் 6 பேர் பைடனுக்கே வாக்களித்தார்கள். ஒபாமாவின் துணை அதிபராக எட்டு ஆண்டுகள் இருந்தவர் என்ற நன்றியும், அம்மாநிலத்தின் செல்வாக்குள்ள கறுப்பினத் தலைவரான ஜிம் கிளைபர்னின் ஆதரவும் அதற்குக் காரணங்கள். அவற்றோடு, டிரம்ப்பை வீழ்த்த வெள்ளையர் வாக்கைத் திரட்டக்கூடிய ஒருவர் வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. ஹாரிஸுக்கு ஓர் அயோவா அமையவே இல்லை.

அதனால்தான் 2024இல் ஹாரிஸின் தாய் ஷியாமளா கோபாலனின் பூர்வீக ஊரான, திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் ஹாரிஸுக்காக நடந்த பூஜைகளின் படங்களைப் பார்த்தபோது என்னால் முழுமையாக மகிழ முடியவில்லை. ஜூலை 21 அன்று பைடன் விலகியபின் கட்சிப் பிரதிநிதிகள்தான் ஹாரிஸை வேட்பாளராக்கினார்கள். அந்த ஆண்டின் பிரைமரிகள் அதற்குள் முடிந்துவிட்டிருந்தன. ஷியாமளா கோபாலனின் மகளை அதிபர் வேட்பாளராக ஏற்பதா என்று எந்த மாநிலத்து ஜனநாயகக் கட்சி வாக்காளரும் தம் அண்டை வீட்டார் நடுவே ஒரு மூலையில் போய் நின்று சொல்ல வேண்டிய நிலை, 2020இலும் வரவில்லை, 2024இலும் வரவில்லை.