நத்தாலியா கின்ஸ்பர்க்கின் புனைபெயர்: ஒரு திருத்தம்

இத்தாலிய எழுத்தாளர் நத்தாலியா கின்ஸ்பர்க் 1942இல் தம் முதல் நாவலைப் புனைபெயரில் வெளியிட்டதற்கு, தாம் பெண் என்பதை மறைக்க விரும்பியதே காரணம் என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. அவர் சூடிக்கொண்ட அலெஸ்ஸாந்திரா தோர்நிம்பார்த்தே என்பதும் பெண் பெயர்தானே! மறைக்க நேர்ந்தது தந்தைவழி வந்த யூத அடையாளத்தை. 1938இல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்களால் யூதர்கள் தம் சொந்தப் பெயரில் நூல் வெளியிட இயலாமற்போயிற்று. பாசிச எதிர்ப்பாளரான கணவர் லியோனே, அப்ருட்சோ பகுதியின் பிட்சோலி என்னும் சிற்றூரில் அரசின் கண்காணிப்பில் வைக்கப்பட்டிருந்தபோது, அவருடன் அங்கே வாழ்ந்துகொண்டே எழுதிய நாவல் அது. புனைபெயரின் பின்பாதிகூட அப்பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயரே. லியோனே 1944 பிப்ரவரியில் ரோம் நகரச் சிறையில் சித்திரவதைக்குப்பின் இறந்தார். பாசிசம் வீழ்ந்தபின், 1945இல், அந்நாவல் நத்தாலியாவின் சொந்தப் பெயரிலேயே மறுபதிப்புக் கண்டது.