"மிஸ், எல்லாரும் பூஜ்யம்னு போட்டாங்க"

மேலே எறிந்த கல் உச்சிக்குப் போய் நிற்கும் அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? பிளஸ் ஒன் ஆன்லைன் வகுப்பில் கேட்டேன். சில நொடிகளில் ஒரு பையன் சாட்டில் "0 மிஸ்" என்று போட்டான். அப்புறம் 0, 0, 0 என்று மளமளவென்று விழுந்தது. இருபத்தாறு பிள்ளைகள், இருபத்தாறு பூஜ்யம்.

அங்கே திசைவேகம்தான் பூஜ்யம். முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம்; அது 9.8 மீ/வி², கீழ்நோக்கி. அதுவும் பூஜ்யமென்றால் கல் அந்தரத்திலேயே நின்றுவிடும்.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வாட்ஸ்அப்பில் தனியாக எழுதினாள்: "மிஸ், நோட்டுல 9.8னுதான் எழுதியிருந்தேன். எல்லாரும் பூஜ்யம்னு போட்டாங்க, அதான் மாத்திட்டேன்."

தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். தெரிந்ததை அடித்துவிட்டுத் தப்பை எழுதும் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

"தைரியமா சொல்ல வேண்டியதுதானே" என்று அவளைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. 1950களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ், கல்லூரி மாணவர்களிடம் சில கோடுகளைக் காட்டி, எந்த இரண்டு ஒரே நீளம் என்று கேட்டார். கூட இருந்தவர்கள் முன்பே பேசிவைத்துக்கொண்டு தப்பான விடையைச் சொன்னார்கள். விஷயம் தெரியாத மாணவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் ஒரு முறையாவது அவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். கண்ணுக்கு நேரே இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி. ஆனால் விடையைத் தனியாக எழுதித் தரச் சொன்னபோது சாய்வது வெகுவாகக் குறைந்தது. கூட ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் தப்பு நாலில் ஒரு பங்காகிவிட்டது.

இதைப் படித்த பிறகு நான் கேள்வி கேட்கும் விதத்தையே மாற்றிவிட்டேன். சாட்டில் வேகமாகத் தட்டுகிறவனின் விடைதான் முதலில் எல்லார் கண்ணிலும் படுகிறது. அதற்கு நாம் ஒரு 'வெரிகுட்' போட்டுவிட்டால் அதோடு முடிந்தது, அடுத்த பிள்ளை யோசிக்காது.

இப்போது ஜூம் என்றால், பிள்ளைகளின் சாட் எனக்கு மட்டும் வரும்படி வைத்துவிடுகிறேன். மீட் என்றால், "தட்டி வைங்க, அனுப்பாதீங்க" என்பேன். இரண்டு நிமிடம் கழித்து ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒன்றாக அனுப்ப வேண்டும். பிறகு பெயர் சொல்லாமல் விடைகளை வாசிப்பேன். தனியாக நிற்கும் விடை ஒன்று வந்திருந்தால் அதுதான் முதலில், சரியோ தப்போ. ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களிலேயே இயற்பியலை இப்படித்தான் நடத்தினார். முதலில் தனியாக விடை, அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு வாதம், அப்புறம் மறுபடியும் விடை. இந்த வரிசை மாறினால் எல்லாம் வீண்.

"இப்படிப் போனா சிலபஸ் முடியாது" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் போவது உண்மைதான். போகட்டும். இருபத்தாறு பூஜ்யங்களோடு பாடத்தை முடித்து நான் என்ன செய்யப்போகிறேன்?

போன வாரம் தனி ஊசல், அதாவது நூலில் தொங்கி ஆடும் குண்டு. குண்டு ஓரத்துக்குப் போய் நிற்கும்போது முடுக்கம் பூஜ்யமா என்று கேட்டேன். பதினான்கு பேர் ஆம், பன்னிரண்டு பேர் இல்லை. அந்த மாணவி மைக்கை ஆன் செய்தாள். "பூஜ்யம்னா குண்டு அங்கேயே நிக்கணுமே, எதுக்குத் திரும்பி வருது?"

அன்று முதல் பூஜ்யம் போட்ட அதே பையன், "இரு இரு, யோசிக்கிறேன்" என்றான்.