அம்மாவைப் பார்ப்பது அக்கா, வரிக்கழிவு எனக்கு

சிங்கப்பூரில் ஏப்ரல் 18க்குள் வருமான வரிக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும், நானோ கடைசி வாரத்தில்தான் லேப்டாப்பையே திறப்பேன். இந்த முறை ஈசூனில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்தேன். எதிரே அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா இருப்பது அக்காவோடுதான். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, பாலிகிளினிக்கில் எண் வாங்கிக் காத்திருப்பது, நடுராத்திரியில் காலைப் பிடித்துவிடுவது எல்லாம் அக்கா. நான் மாதம் 300 வெள்ளி போட்டுவிடுவதோடு சரி. ஆனால் பெற்றோரைப் பராமரிப்பதற்காக, வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் 5,500 வெள்ளி என் கணக்கில்.

அக்காவே எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். கூடவே வைத்துப் பார்ப்பவருக்கு 9,000 வெள்ளி வரை கழிவு உண்டுதான். அக்கா ஒரு பாலர் பராமரிப்பு நிலையத்தில் சமைக்கிறார், மாதம் 2,100 வெள்ளி. மசேநி (மத்திய சேமநிதி) எல்லாம் போனால் வரிக்குரிய வருமானம் 20,000க்குக் கீழே, அதுவரை வரியே கிடையாது. வரியே இல்லாதவருக்கு வரிக்கழிவு, மொட்டைத் தலைக்குச் சீப்பு. என் வருமானத்துக்கான 11.5 விழுக்காட்டு வரியில் எனக்கு 632 வெள்ளி மிச்சம். ஒரு மில்லியனுக்கு மேல் சம்பாதிப்பவர் இதே கழிவை எடுத்தால் 24 விழுக்காட்டில் 1,320 வெள்ளி. ஓய்வுக்காலத்துக்காக விருப்பப்பட்டுச் சேமிக்கும் எஸ்ஆர்எஸ் கணக்கும் இதே கதைதான்: 15,300 வெள்ளியைச் சும்மா ஒதுக்கிவைக்க முடிந்தால் அவருக்கு அந்த ஆண்டே 3,672 வெள்ளி வரி குறையும். அக்காவால் 153 வெள்ளியே ஒதுக்க முடியாது.

குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் வேலைநலன் தொகை அக்காவுக்கு வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் 60 விழுக்காடு மசேநிக்குப் போய்விடுகிறது. பால்மாவு டின்னுக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டியை மட்டும் கல்லாவிலேயே கொடுத்துவிட்டு வர வேண்டும்.

இதையெல்லாம் மாற்ற முடியாது என்பதும் இல்லை. வேலைக்குப் போகும் தாய்மாருக்கான கழிவு முன்பு சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று இருந்தது. முதல் பிள்ளைக்கு 15 விழுக்காடு, அதாவது 200,000 வெள்ளி வாங்கும் தாய்க்கு 30,000, 40,000 வாங்கும் தாய்க்கு 6,000. (யார் யோசித்த கணக்கோ!) 2024 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு அதைச் சம்பளம் பார்க்காமல், முதல் பிள்ளை என்றால் 8,000 வெள்ளி என்று ஆக்கிவிட்டார்கள். நல்லதுதான், ஆனால் பாதிக் கிணறு. வரி கட்டாத தாய்க்கு இப்போதும் பூஜ்யம்தான்.

நான் கேட்பது இதுதான். பிள்ளை, பெற்றோர் பராமரிப்புக்கான கழிவுகளை எடுத்துவிட்டு, யார் பார்த்துக்கொள்கிறாரோ அவர் கையில் எல்லாருக்கும் ஒரே தொகையை ரொக்கமாகக் கொடுங்கள். என் 632 போகும், போகட்டும். போதாவிட்டால் இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்குப் போட்டு, 2008இல் எடுத்துவிட்ட மரண வரியைப் பெரும் சொத்துகளுக்கு மட்டுமாவது திரும்பக் கொண்டுவரலாம். பங்கு, சொத்து விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியும் இல்லாத ஊர் இது. பெரும் பணக்காரக் குடும்பங்களின் சொத்தைப் பார்த்துக்கொள்ள வரிச்சலுகையோடு இயங்கும் குடும்ப முதலீட்டு அலுவலகங்கள் 2024 முடிவில் 2,000ஐத் தாண்டிவிட்டன.

உடனே, பணக்காரர்கள் துபாய்க்கோ ஹாங்காங்குக்கோ போய்விடுவார்கள் என்பார்கள். சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் இங்கே வந்தவர்கள் வரிக்காக மட்டுமா வந்தார்கள்? சட்டம் ஒழுங்கு, பள்ளிக்கூடம், ராத்திரி பயமில்லாமல் நடக்கிற தெரு, இதற்கெல்லாம் மதிப்பே இல்லையா?

கணக்கை அனுப்பி முடித்ததும், அந்த 632ஐ உனக்கே போட்டுவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா கீரைத் தண்டுகளை அள்ளிக்கொண்டே, "காச நீயே வச்சுக்க. வியாழக்கிழமை அம்மாவுக்கு அப்பாயிண்ட்மெண்ட், லீவு போட்டு நீ கூட்டிட்டுப் போ" என்றார்.