கர்ப்பம் என்றதும் வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள்

"கர்ப்பம் உறுதியானால் வலிப்பு மாத்திரை எதுவானாலும் அன்றே நிறுத்துங்கள், எல்லாமே குழந்தைக்கு விஷம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதை நம்பிச் செய்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரும் நிலைகூட வரலாம். அதில் தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்து.

வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தைப் பற்றிய பயம் நியாயமானதுதான். கருவில் அதற்கு ஆளான குழந்தைகளில் 100க்குச் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு. 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, கற்றல் போன்றவற்றில் சிக்கல். பொதுவாகப் பிறவிக் குறைபாடு 100க்கு 2, 3 பேருக்குத்தான். லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் என்ற வேறு இரண்டு வலிப்பு மருந்துகளிலும் அது கிட்டத்தட்ட இந்தப் பொது அளவிலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது தவறு.

அப்புறம், கருவில் பின்னர் மூளையும் தண்டுவடமுமாக வளரும் நரம்புக்குழாய் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனதைக் கவனித்துப் பரிசோதிப்பதற்குள் பலருக்கு அந்தக் கட்டம் முடிந்தே போயிருக்கும். அதனால் மாத்திரையை மாற்றுவதானால் கருத்தரிக்கும் முன்பே, மருத்துவர் மேற்பார்வையில், படிப்படியாக மாற்ற வேண்டும். ஃபோலிக் அமிலத்தையும் அப்போதே தொடங்க வேண்டும்.

லாமோட்ரிஜின் எடுப்பவர்களுக்கு நிலைமை நேர்மாறு. கர்ப்பத்தில் உடல் அதை வேகமாக வெளியேற்றுவதால் பலருக்கு டோஸைக் கூட்ட வேண்டிவரும். பிரசவத்துக்குப் பிறகு மறக்காமல் குறைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் தலைசுற்றல், இரட்டைப் பார்வை வரும்.

ஏற்கெனவே கர்ப்பமாக இருந்து வால்ப்ரோயேட் எடுப்பவர்கள் இன்றைய மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு, இன்றே நரம்பியல் மருத்துவரிடம் பேசுங்கள்.