எல் ஃபாஷரில் மனிதர்கள் புண்ணாக்கு தின்றார்கள்

கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற புண்ணாக்கு. சூடானில் அதை அம்பாஸ் என்பார்கள். அங்கேயும் அது ஆடுமாடுகளுக்கான தீனிதான். வடக்கு டார்ஃபூரின் தலைநகர் எல் ஃபாஷரில் 2025-இல் மனிதர்கள் அதைத் தின்று உயிர் பிழைத்தார்கள். சூடான் ராணுவத்தோடு போரிடும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவம் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஊரைச் சுற்றி வளைத்திருந்தது. போகப்போக அந்தப் புண்ணாக்கும் கிடைப்பது அரிதானது. அக்டோபர் 26 அன்று ஊர் அவர்கள் கையில் விழுந்தது. அங்கிருந்த பிரசவ மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

மேற்கு நாடுகள் என்ன செய்தன என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கட்டும். எனக்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான ஆப்பிரிக்க ஒன்றியத்திடம்தான் முதல் கேள்வி.

ருவாண்டாவில் 1994-இல் நடந்த இனப்படுகொலையைப் பார்த்த பிறகு, 2000-இல் டோகோவின் தலைநகர் லோமேயில் அவர்களே எழுதிக்கொண்ட சாசனம் இருக்கிறது. இனப்படுகொலை, போர்க்குற்றம் நடந்தால் உறுப்பு நாட்டுக்குள் தலையிட ஒன்றியத்துக்கு உரிமை உண்டு என்று நான்காவது பிரிவு சொல்கிறது. அந்த உரிமையைக் காட்டி இன்றுவரை ஒரு படையும் போனதில்லை. 2015 டிசம்பரில், உள்நாட்டு வன்முறை மூண்டிருந்த புருண்டிக்கு 5,000 வீரர்களை அனுப்பத் தீர்மானித்தார்கள். அடுத்த மாதமே தலைவர்கள் கூடிப் பின்வாங்கிவிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் 2017-இல் காம்பியாவுக்குள் படையை நகர்த்தியதும், தேர்தலில் தோற்றும் நாற்காலியை விடாத யாஹ்யா ஜாமே நாட்டை விட்டே போனார். மனசு வைத்தால் முடிகிறது. காம்பியா சின்ன நாடு, சூடான் அப்படியில்லை, சரி. படை வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம்.

சூடானை ஒட்டிய சாட் நாட்டைப் பாருங்கள். எல்லையில் அட்ரே என்று ஓர் ஊர், சுமார் 40,000 பேர் வாழ்ந்த இடம். அங்கே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சூடான் அகதிகள் வந்து சேர்ந்தார்கள். குடிக்கவே தண்ணீர் போதாத ஊர்க்காரர்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். அதே சாட்டின் அம்ஜராஸ் விமான நிலையம் வழியாக ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஆயுதம் போகிறது என்ற குற்றச்சாட்டு நம்பத்தகுந்தது என்று ஐ.நா. நிபுணர் குழு 2024-இல் எழுதியது. அமீரகம் மறுக்கிறது.

அட்ரேயின் ஏழைகள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் அடிஸ் அபாபாவில் கூடுகிற தலைவர்கள் அந்த ஓடுபாதைக்கு ஒரு கண்காணிப்புக் குழுவையாவது அனுப்பட்டும். இறங்குகிற ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்கட்டும்.