சதுரக்கள்ளி வேறு, சப்பாத்திக்கள்ளி வேறு

அண்ணா, "கணியம்பாடி கரட்டுல இருக்கிற ரெண்டு கள்ளியும் ஒரே குடும்பம், சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்னலாம்னா சதுரக்கள்ளியும் ஆபத்தில்லை"ன்னு போட்டிருக்கீங்க. தயவுசெய்து அதை மாத்துங்க, பிள்ளைங்க படிக்கிறாங்க.

சதுரக்கள்ளி ஆமணக்குக் குடும்பம், நம்ம நாட்டுச் செடி. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதுக்குத் தரைப்பசலை, கொடிப்பசலைதான் கிட்டத்து உறவு. தண்ணியில்லாத இடத்தில் பிழைக்க ரெண்டுமே தண்டைச் சதையாக்கி முள்ளை வச்சுக்கிச்சு, அதனாலதான் பார்வைக்கு ஒத்துப்போகுது.

கிட்டப் போய்ப் பாருங்க. சதுரக்கள்ளியில் தண்டின் விளிம்போரம் முள் ஜோடி ஜோடியா நிக்கும், பூ பொடிசு, காய் ஆமணக்கு மாதிரி மூணு பிரிவு. சப்பாத்தியில் ஒரே புள்ளியிலிருந்து முள் கொத்தாக் கிளம்பும், கூடவே கையில் ஏறினா லேசில் வராத பொடி முள்ளும் இருக்கும். பூ பெருசு, மஞ்சள், நடுவில் ஏகப்பட்ட மகரந்தத் தாள்.

சப்பாத்திப் பழத்தைப் பொடி முள் போகத் தேய்ச்சுத் தின்னலாம், சரி. ஆனா சதுரக்கள்ளியைக் கீறினா வர்ற பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டா பார்வையையே பாதிக்கும். பட்டுட்டா உடனே நிறைய நல்ல தண்ணி விட்டுக் கழுவிக்கிட்டே இருந்து, கண் டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க.